கதீஜாவின் பிள்ளை

“அந்தப் பூசணித் தலைக்கு இவ்வளவு நேரமா ஆப்பரேஷன்? பசிக்குதுக்கா, வா, ரொட்டி சானாய் சாப்பிட்டு வருவோம்” என்றாள் கங்கா.

“வாயக் கழுவுடி! எம் புள்ளைய அப்படிச் சொல்லாத” என்று கதீஜா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில், ஆப்பரேஷன் அறைக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கோலசிலாங்கூர் ரப்பர் தோட்டத்து வாசலில் கதீஜாவுக்கு மளிகைக் கடை. கங்கா எதிரே தொழிலாளர் லயத்து வீட்டுக்காரி, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூளைக்குள் நீர் தேங்கித் தலை மட்டும் பெருத்துக்கொண்டே போனது. இரண்டு கிலோவாவது தேறட்டும் என்று, ஊசியால் நீரை எடுத்தெடுத்துக் காத்திருந்த டாக்டர்கள், இன்றுதான் கத்தியை எடுத்தார்கள்.

“தலையிலேர்ந்து வயித்துக்குத் தோலுக்கு அடியிலயே டியூப் போடுவாங்களாம். தண்ணி அதுல எறங்கிடுமாம். பச்ச உடம்பு, தாங்குமாடி?”

“நம்ம லயத்துப் பைப்புலதான் வெறும் காத்து வருது. டாக்டர் போடுற பைப்பு நல்லா ஓடும்லா.”

கதீஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. “நாகூருக்கு நேந்திருக்கேன். நீயும் ஒங்க மாரியாத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்.”

“ஒம் புள்ளைக்கு நான் எதுக்கு வேண்டணும்? எனக்கு வேற வேல இல்லையா?” கங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கல்லு மனசுடி ஒனக்கு! அப்ப எதுக்கு வேலையக் கெடுத்துக்கிட்டு தெனமும் பஸ் ஏறி வர்ற?”

“நீ மூக்கச் சிந்துற அழகப் பாக்கத்தான்.”

கதவு திறந்தது. தாதி சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“நல்லபடியா முடிஞ்சிருச்சு. பாப்பா கண்ணு முழிச்சிட்டா. அம்மா யாரு? உள்ள வந்து பாருங்க.”

கதீஜா எழவில்லை. கங்காவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

“போடி! முன்ன ரெண்டையும் பறிகொடுத்தவ, இதையாவது எமன் கண்ணுலேர்ந்து மறைக்கணும்னு பொறந்த அன்னிக்கே ஒரு படி தவிட்டுக்கு எங்கிட்ட வித்துட்ட. நடிச்சது போதும், நீ பெத்த புள்ளைய நீயே போயிப் பாரு!”

“மெதுவாச் சொல்லுக்கா, அந்த எமன் காதுல விழுந்துடப் போவுது” என்று விம்மியபடியே கங்கா உள்ளே ஓடினாள்.