ஐந்து மணி வரைக்கும்

"எவன் வந்து தட்டினாலும் திறக்காதே. இந்தா சாவி. அஞ்சு மணிக்கு மேல நானே வந்து திறக்கறேன்."

அறைக் கதவைப் பூட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மனைவி வள்ளியம்மாவின் கையில் திணித்தார் ஞானசேகரன். உள்ளே கட்டிலில் ராகேஷ் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயது. ஞானசேகரன் செயலாளராக இருக்கும் ஆடுகோடி கால்பந்து கிளப்புக்கு அந்த சீசனில் பதினோரு கோல் போட்டுக் கொடுத்தவன். "கொஞ்சம் பேசணும், வீட்டுக்கு வா" என்றதும் நம்பி வந்திருந்தான்.

"சார், ஃபேக்டரி டீமுக்குப் போனா வேலை கிடைக்கும் சார்," என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எங்கம்மா இன்னும் எத்தனை வீட்டுல பாத்திரம் தேய்ப்பாங்க?"

"இந்த ஒரு வருஷம் எனக்கு ஆடு. அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போய் விடறேன்."

"வருஷத்துக்கு நாலு பேருக்குத்தான் சார் வேலை. அடுத்த வருஷம் வேற ஆளை எடுத்துப்பாங்க."

வீரர்கள் கிளப் மாறுவதற்கு அன்றுதான் கடைசி நாள். ஆட்டக்காரனே கால்பந்து சங்க அலுவலகத்துக்கு நேரில் போய் ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பழைய கிளப்தான். அதனால் அந்த ஒரு நாள் பையன்களை ஒளித்து வைப்பது கிளப்புகளில் பழைய வழக்கம்.

பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஏழு பொடியன்களை ஞானசேகரன் லீக்கில் இறக்கிய சீசன் அது. முதல் நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் மூன்றாம் இடம். கோப்பை வரவில்லை, ஃபேக்டரி டீமின் ஜீப்தான் வந்தது. ஏழில் மூன்று பேரை அள்ளிக்கொண்டு போயாயிற்று. இப்போது நாலாவதாக இவன்.

"சேத்துல நின்னு வளர்க்கறது நாம, ஜீப்புல வந்து தூக்கிட்டுப் போறது அவனுங்க. நல்லா இருக்குடா நியாயம்," என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

சிவாஜிநகரில் அவருக்கு ஒரு சைக்கிள் கடை. ஒரு காலத்தில் இடது ஓரத்தில் அவர் பந்தோடு ஓடினால் பிடிக்க ஆளில்லை. இப்போது பஞ்சர் ஒட்டுகிறார்.

பத்து மணிக்கே ஃபேக்டரி டீம் மேனேஜர் சந்திரன் கடை வாசலில் வந்து நின்றார்.

"சேகர், பையன் எங்கப்பா? வேலை ஆர்டர் ரெடியா இருக்கு. சும்மா அவன் வாழ்க்கையில விளையாடாதே."

"ஆள் வேணும்னா, நீயும் விடியக்காலைல எழுந்து கிரவுண்டுல போய் நின்னு வளர்த்துக்க. என் பையனைத் தேடிக்கிட்டு என் கடைக்கு வராதே."

"கொஞ்சமாச்சும் இரக்கம் வேணும்பா."

"எனக்கு யாரு இரக்கம் காட்டினா? போ போ, வேலையைப் பாரு."

சந்திரன் போன பிறகும் கோபம் அடங்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தார். "எல்லாம் அந்தப் பொம்பளையால வந்தது. அவ கை விளங்குமா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். யார் மேல் கோபம் வந்தாலும் கடைசியில் 'அந்தப் பொம்பளை'யைத் திட்டித்தான் முடிப்பார். அவள் யார் என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. மாமியாராக இருக்கும் என்பது பக்கத்துக் கறிக்கடைக்காரரின் முடிவு.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு மறுபடி போட்டபோதுதான் வள்ளியம்மா எடுத்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சே?"

"மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தேன்."

"அவன் இருக்கானா?"

"உள்ளதான் இருக்கான். சாப்பிடறான். ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிக்கிட்டான்."

மத்தியானத்துக்கு மேல் ஜீப் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. சந்திரன் தேடிக் களைத்துப் போயிருப்பான் என்று ஞானசேகரன் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு டீயை முழுசாகக் குடித்தார்.

ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார். ராகேஷ் காலையில் உட்கார்ந்த அதே இடத்தில்தான் இருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"என் மேல கோபம் இருந்தா கிரவுண்டுல காட்டு. காலைல ஆறு மணிக்கு வந்து சேர்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். வள்ளியம்மாதான் பேசினாள்.

"நாளைக்கு அவன் வர மாட்டான். எட்டு மணிக்கு ஃபேக்டரியில மெடிக்கல் டெஸ்ட் இருக்கு."

"இன்னா உளர்றே?"

"பதினோரு மணிக்கு நானே ஆட்டோவுல கூட்டிட்டுப் போய் கையெழுத்துப் போட வெச்சேன். அப்படியே வீட்டுக்குப் போடான்னு சொன்னேன். சார்கிட்ட சொல்லாம ஓடிட்டான்னு பேர் வேண்டாம், சார் வந்து திறந்தப்புறம் போறேன்னு அவனேதான் திரும்பி வந்து உட்கார்ந்தான்."

ஞானசேகரன் கையிலிருந்த சாவியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "உன்னை நம்பித்தானேடி சாவியைக் கொடுத்தேன்."

"எழுபத்திரண்டுல இதே கடைசி நாள், ஃபேக்டரி வேலைக்குப் போக விடாம உங்களை வீட்டுல வெச்சுப் பூட்டினாரே உங்க பழைய செக்ரட்டரி வைத்தீஸ்வரன், அவரும் பொண்டாட்டியை நம்பித்தான் சாவியைக் கொடுத்தார்," என்றாள் வள்ளியம்மா. "சாவியைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னாளேன்னு இன்னிக்கு வரைக்கும் அந்தம்மாவை நீங்க திட்டாத நாள் இல்லை, இந்தப் பையன் வாயில நானும் அப்படி விழணுமா?"