சீட்டு கேட்டவர்

முதலில் கெடுத்தது ஓரின் கூம்ஸ்தான். லெமுவேலின் பால் பண்ணை வழியில் வெள்ளம் அடித்துப் போன மரப்பாலத்தை, ஊர்ச் செலவைக் குறைக்கிறேன் என்று திரும்பக் கட்டவிடாமல் செய்தவன் அவன். அன்றிலிருந்து லெமுவேல் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றித்தான் வருகிறார்.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஓரின் எழுந்து நின்றதுமே லெமுவேலுக்குக் கை முறுக்கேறியது.

"உலகச் சண்டை முடிஞ்சு நாலு வருஷமாச்சு. முட்டை விலை இறங்கிடுச்சு, பால் விலை இறங்கிடுச்சு. வரி மட்டும் இறங்கலை," என்றான் ஓரின். "ஏழைங்களுக்கு ஊர் குடுக்கற பணத்தை இந்த வருஷத்தோட நிறுத்தணும்னு தீர்மானம் வைக்கிறேன்."

மண்டபம் கொதித்தது.

மெய்ன் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் அந்தப் பணத்தை நம்பியிருந்தது ஒரே குடும்பம். விதவை ஹெட்டியும் அவள் பிள்ளைகளும். பணம் நின்றால் அவள் ஏழைகள் விடுதிக்குப் போகவேண்டியதுதான். பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் வேலைக்கு விட்டுவிடுவார்கள். ஊர் உதவி வாங்குகிறவளுக்கு ஓட்டும் கிடையாது. கூட்டத்துக்கு வந்தவர்களின் மதியச் சாப்பாட்டுக்காகப் பக்கத்து அறையில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"யோவ் ஓரின், உனக்கெல்லாம் ராத்திரி தூக்கம் வருமாய்யா?"

"நேத்து சர்ச்சில முன்வரிசை. இன்னிக்கு விதவை அடுப்புல தண்ணி ஊத்தறான் பாரு!"

"அவ புருஷன் மரம் வெட்டப் போய்ச் செத்தப்போ சவப்பெட்டியைத் தூக்கினவன்தானே நீ?"

ஓரின் கூட்டத் தலைவர் பக்கம் திரும்பினான். "பேசினது போதும். தலைவரே, கையைத் தூக்கச் சொல்லுங்க. இப்பவே."

இவ்வளவு அவசரமா? லெமுவேல் எழுந்தார்.

"கை தூக்கினா சாயங்காலமே மறந்துடுவாங்க. இவன் மூஞ்சியில எத்தனை பேர் துப்பினாங்கன்னு எண்ணி எழுதி வைக்கணும். சீட்டு போடணும்!"

ஓரினின் முகம் வெளுத்தது. "வேண்டாம், லெம். கையே போதும்."

"பயந்துட்டான்யா!" யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

பேர் எழுதாத சீட்டும் பென்சிலும் வந்தன. பணத்தை நிறுத்தலாம் என்றால் 'சரி'. கூடாது என்றால் 'இல்லை'.

லெமுவேல் பென்சிலைப் பிடித்தார். முட்டை விலை ஞாபகம் வந்தது. வரி கட்ட வேண்டியதும் ஞாபகம் வந்தது. எழுதி, நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார்.

எழுத்தர் ஒரு தடவை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"'சரி' எண்பத்து மூணு." கடைசிச் சீட்டைத் தனியே எடுத்து வைத்தார். "'இல்லை' ஒண்ணே ஒண்ணு."

பக்கத்து அறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஹெட்டி பானையோடு வந்தாள். ஒவ்வொரு தட்டிலும் பீன்ஸை அள்ளி வைத்தாள். ஒருவரும் தட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

ஓரின் சாப்பிடாமல் வெளியே போனான். லெமுவேல் துரத்திப் போய் அவன் டிரக்குக்குக் குறுக்கே நின்றார்.

"சந்தோஷமாடா? அன்னிக்கு என் பாலத்தைத் தின்ன. இன்னிக்கு அவ பிள்ளைங்களையும் தின்னுட்ட."

"பாலத்துக்கு நான் உனக்குக் கடன்பட்டவன்தான். அது தீரலை. தீர்க்கறேன்னும் சொல்லலை." ஓரினின் குரல் உடைந்திருந்தது. "ஆனா இதைக் கேட்டுக்கோ. பால் ஊத்தற இடத்துல ஒரு மாசமா எல்லாருக்கும் இதே முணுமுணுப்பு, அவ பணத்தை நிறுத்தணும்னு. ஊரே பார்க்க எவனும் கை தூக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். தீர்மானம் தோத்தா அந்தப் பேச்சு அதோட செத்துடும். அதுக்காகத்தான் பழியை நானே ஏத்துக்கிட்டு வெச்சேன். நீ போய்ச் சீட்டு கேட்ட."

"பொய்! யாருகிட்ட கதை விடற?"

ஓரின் டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"அந்த ஒத்தை 'இல்லை' என்னோடது, லெம். உன்னோடது எங்க?"