நீவாத கால்

"வர முடியாது," என்றாள் வாயெலுபே. படுத்திருந்த பாயை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

தெமுகிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர்க் கிரிக்கெட்டில் ரன் ஓடும்போது அவள் புருஷன் இயாகோபோ தடுக்கி விழுந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பை முறித்துக்கொண்டான். சவாயித் தீவிலிருந்து தலைநகர் ஆப்பியாவுக்குக் கப்பலேறிப் போய், ஆபரேஷன் செய்து பிளேட்டும் வைத்தாயிற்று. இப்போது பார்த்தால் கெண்டைக்கால் பப்பாளி மாதிரி வீங்கிக் கிடக்கிறது. தொட்டாலே கத்துகிறான்.

அந்த ஊரில் கை கால் வலி என்றால் வாயெலுபேதான் எண்ணெய் போட்டு நீவி விடுவாள். யார் கூப்பிட்டாலும் போவாள். இயாகோபோவுக்கு மட்டும் மாட்டேன் என்கிறாள்.

காரணம் ஊருக்கே தெரியும். சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன். போன மாத ஒத்திகையில், குரல் கப்பல் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாயெலுபேயைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டான்.

தெமுகிசா கெஞ்சினாள். அவருக்கு வாய்தான் நீளம், மனசு தங்கம் என்றாள்.

"அந்த வாயையே நீவி விடச் சொல்லு," என்று புரண்டு படுத்தாள் வாயெலுபே.

உன் கை புழுத்துப்போக என்று சபித்துவிட்டு வெளியேறினாள் தெமுகிசா. வேறு வழியில்லாமல், புருஷனை மறுபடியும் கப்பலேற்றி ஆப்பியா ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள்.

டாக்டரம்மா காலைப் பார்த்ததுமே ஸ்கேனுக்கு அனுப்பினாள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டதாம். கால் எலும்புக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்தே கிடப்பவர்களுக்கு அப்படி வருவதுண்டாம்.

"யாராவது நீவி விட்டாங்களா?"

இல்லை என்றாள் தெமுகிசா.

"நல்லதாப் போச்சு. நீவியிருந்தா கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சிருக்கும். ஆளே போயிருப்பார்."

தெமுகிசா வாயெலுபேயை நினைத்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்துதான் அந்தப் பொம்பளை மறுத்திருக்கிறாள். அவளைப் போய் சபித்தோமே!

ஊர் திரும்பிய அன்றே, வீட்டிலிருந்த நல்ல பாய் ஒன்றையும் ஒரு பெட்டி டின் இறைச்சியையும் சுமந்துகொண்டு வாயெலுபேயிடம் ஓடினாள். நடந்ததையெல்லாம் சொல்லி, அக்கா, உங்களுக்கு அந்த ஞானத்தைக் கர்த்தரே கொடுத்திருக்கிறார் என்று அழுதாள்.

வாயெலுபேக்கு முகம் வெளிறிவிட்டது. பெட்டியை மெல்ல அவள் பக்கமே தள்ளினாள்.

"எனக்கு ரத்தக்கட்டியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவன் ரெண்டு நாள் கத்தட்டும்னுதான் படுத்துக்கிட்டேன். நீ இன்னும் ஒரே ஒரு தடவை கெஞ்சியிருந்தா, மனசு கேக்காம எண்ணெயைத் தூக்கிட்டு வந்திருப்பேன்டி."