வாய்க்கொழுப்பு

"இந்தா, உன் சொத்தை நீயே வெச்சுக்கோ!"

ஹெட்மாஸ்டர் கூண்டை மேசைமேல் டொம்மென்று வைத்தார். உள்ளே இருந்த பட்ஜி என்கிற குட்டிப் பச்சைக்கிளி தடுமாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தது.

கிளிக்காரி கையில் சிரிஞ்சோடு நிமிர்ந்தாள். மடியில் விரித்த துண்டில் ஐந்து குஞ்சுகள். தாய்ப் பறவை தள்ளிவிட்ட பட்ஜிக் குஞ்சுகளை வாங்கி, மூன்று மணிக்கு ஒரு தரம் வெதுவெதுப்பாகக் கூழ் ஊட்டி, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது அவள் வேலை. இந்த ஐந்தும் தினை கொறிக்கப் பழகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நாலு குடும்பங்கள் பார்க்க வருகின்றன. நாலுமே ஹெட்மாஸ்டர் தலைவராக இருக்கும் குடியிருப்பைச் சேர்ந்தவை.

"என்ன சார் ஆச்சு? எட்டு மாசம் நல்லாத்தானே இருந்தது?"

"என்ன ஆச்சா? நேத்து என் பழைய மாணவர்கள் பத்துப் பேர் வந்திருந்தாங்க. ஒழுக்கத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லலாம்னு தொண்டையைக் கனைச்சேன்..."

அவர் தொண்டையைக் கனைத்தும் காட்டினார்.

"வாயை மூடு, வெங்காயம்!" என்றது பட்ஜி.

"கேட்டியா? இதேதான்! பத்துப் பேருக்கும் காப்பி புரை ஏறிடுச்சு. ஒருத்தன் சோபாவையே நாசம் பண்ணிட்டான்."

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், மானம் போனதில் அழுகிறாள் என்று கிளிக்காரிக்கு மனசு உருகிவிட்டது.

"சார், நான் ஆறு வாரத்துலயே குடுத்துட்டேன். மூணு மாசம் ஆகாம இதுக்குப் பேச்சே வராது."

"காதுல போட்டு அனுப்பிட்டே. இப்ப வாயில வருது. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களை மேய்ச்சவன்கிட்டயே பாடம் நடத்தறியா?"

"நான் ஊட்டி வளர்க்கறவ சார். நாள் பூரா நான் சொல்றது 'வாயைத் திற'ங்கறது மட்டும்தான். 'மூடு'ன்னு சொன்னா எது சார் தின்னும்?"

"சரி. வெங்காயம்?"

கிளிக்காரி சிரிஞ்சைத் துடைக்க ஆரம்பித்தாள். ஊட்டும்போது தலையைத் திருப்பிக்கொள்ளும் குஞ்சை அவள் என்னென்ன காய்கறிப் பெயரெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறாள் என்பது அவளுக்கே கணக்கில்லை.

"பாத்தியா, முழிக்கறே! இது குருகுலம் இல்லை, ரவுடிப் பட்டறை. இன்னைக்கே குடியிருப்பு குரூப்ல போட்டுடறேன். இவகிட்ட எவனும் வாங்கக் கூடாது."

போட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ கூட வராது. ஐந்தும் வாசல் பார்த்து நிற்க வேண்டியதுதான். ஏதாவது மொத்தக் கடைக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

"அப்படிப் பண்ணிடாதீங்க சார்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "பாவம், இதுங்க என்ன பண்ணிச்சு? தப்பு என்னுதுன்னே வெச்சுக்கோங்க."

"வெச்சுக்கறதென்ன, உன்னுதுதான்! வேற எவ பேச்சு இது? எங்க வீட்டுல நாற்பது வருஷமா என்னைத் தவிர யாரும் குரலை உசத்தினதில்லை. இதோ நிக்கறாளே, இவளைக் கேளு."

"ஆமாம்மா" என்றாள் மனைவி, பூனை பால் குடிக்கிற மாதிரியான குரலில். "எங்க வீட்டுல இவர் ஒருத்தர்தான் பேசுவார்."

"கேட்டுக்கோ! இப்பவே எனக்கு வேற ஒண்ணு மாத்திக் குடு. பேசாததா. ஜென்மத்துக்கும் வாயைத் திறக்காததா."

கிளிக்காரி துண்டிலிருந்து ஒரு நீலக் குஞ்சை எடுத்து விரலில் உட்கார்த்தினாள். "மூக்கு வெளுத்திருக்கு பாருங்க, இது பெட்டை. பெட்டை பேசறது அபூர்வம்."

"ஹா! பெட்டைன்னா அப்படித்தான் அடக்கமா இருக்கணும். இதையே கட்டு."

அவர் முகத்தில் கூழைப் பீய்ச்சலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சிரிஞ்சு காலியாக இருந்ததால் தப்பித்தார்.

"குரூப்ல போட மாட்டீங்களே சார்?"

"போட மாட்டேன். இவளே, நீ வாங்கிட்டு வா. நான் வண்டியைத் திருப்பறேன்." அவர் வாசலைத் தாண்டும்போது மறுபடி தொண்டையைக் கனைத்தார். பட்ஜி தன் கடமையைச் செய்தது. அவர் வேகமாகப் படியிறங்கினார்.

கிளிக்காரி நீலக் குஞ்சை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் விட்டு மூடினாள். "மன்னிச்சுக்கோங்கம்மா. என் வாய்க்கொழுப்பால உங்களுக்குத்தான் தலைகுனிவு."

"அதை விடு. இந்த நீலம் பேசவே பேசாதா?"

"பேசாதும்மா. பயப்படாம எடுத்துட்டுப் போங்க."

"அப்ப இது எனக்கு எதுக்கு?" அவள் பெட்டியைத் திருப்பி நீட்டினாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சீக்கிரம் ஒரு ஆம்பளையாப் பாத்து மாத்தி வை. தினமும் அவர் குளிக்கப் போற பத்து நிமிஷம்தான் எனக்குக் கிடைக்குது. அந்தப் பச்சைக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக் குடுக்கவே ஆறு மாசம் ஆச்சு."