அஞ்சு வருஷப் பழைய பேக்கப்

ஆபீஸ் சர்வர் மண்டையைப் போட்டதும் மேலாளர் கணினிப் பிரிவுப் பெண்ணிடம் எகிறினார்.

"நாளைக்குக் காலையில ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க! பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு சார். அஞ்சு வருஷப் பழசு. புதுசா எடுக்கலாமான்னு நான் கேட்டப்பல்லாம் 'நாளைக்குப் பாத்துக்கலாம்'னு நீங்கதான் சொன்னீங்க."

"வியாக்கியானம் வேண்டாம். இருக்கறத ஏத்து!"

வேறு கணினியில் சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட்டாள். மேலாளர் பந்தாவாக உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார்.

'உங்களுக்கு அனுமதி இல்லை. மேலாளரை அணுகவும்' என்றது திரை.

"நான்தானே மேலாளர்!"

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கிளார்க் சார். அப்போ மேலாளரா இருந்த மேடம் வந்து பாஸ்வேர்டு போட்டாத்தான் உங்களுக்கு வழி."

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். போனை எடுத்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, உன் பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா? ஆபீஸ் வரைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

கல்யாணம் ஆனதும் அவருக்காக வேலையை விட்ட மனைவி மறுமுனையில் சிரித்தாள்.

"மறுபடி வேலைக்குப் போகட்டுமான்னு நான் கேட்டப்பல்லாம் நீங்க சொன்னதுதாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்!"