தாய் எண் முதலில்

"அம்மாவோட நம்பர் முதல்ல. நடுவுல பெருக்கல் குறி. அப்புறம் அப்பாவோட நம்பர், கீழே தேதி. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டினீங்க?"

மோட்டார் அறையிலிருந்து எட்டிப் பார்க்க வந்த கணவனைச் சீண்டிக்கொண்டே, தட்டைப்பயற்றுப் பூவின் காம்பில் சிவப்பு நூலால் அட்டையைக் கட்டினாள் அவள். நேற்று மாலையே மொட்டைப் பிரித்து அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்திருந்தாள். இன்று வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவியாயிற்று. தாயும் தகப்பனும் தண்ணீரில்லாமல் தாக்குப்பிடிக்கிற ரகம். பிள்ளை இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பது கணக்கு.

"எனக்குத் தெரிஞ்ச நம்பர் என் சட்டையில இருக்கிற நாப்பத்தொண்ணும், உன் சட்டையில இருக்கிற பதினேழும்தான்" என்று சிரித்தான் அவன். "நிறைமாசக்காரி, கொஞ்சம் உட்காரேன்."

ஏழு வருடம் ஏங்கிக் கிடந்து தங்கிய பிள்ளை. அவர்கள் இருவருக்கும் வேறு நாதியில்லை. வறட்சியில் அவள் ஊரில் மிஞ்சியது அவள் மட்டும். அவன் ஊரில் அவன் மட்டும். தேடி வந்து வேலை கொடுத்ததும், முன்னின்று கல்யாணம் முடித்துவைத்ததும் ஆய்வுக்கூடத் தலைவரான பெரியவர்தான்.

தினமும் காலையில் அவர் வந்து, நேற்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய் என்று கேட்டுச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை; அதற்குமேல் அவளுக்குத் தாகமே எடுக்காது. பெற்ற அப்பன்கூட இப்படி விசாரித்ததில்லையே என்று அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

அன்றும் வந்தார். நோட்டில் குறித்துக்கொண்டு நாற்றுப் பெட்டிகள் பக்கம் நடந்தார்.

"இது முளைச்சுப் பத்து நாளாச்சும்மா. இனிமே சொட்டுத் தண்ணி காட்டக்கூடாது."

பக்கத்துப் பெட்டியில் துவண்டு கிடந்த நாற்றுகளைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை. அவரே மளமளவென்று பிடுங்கிக் கூடையில் போட்டார்.

"வாடுறதைப் பார்த்துப் பாவப்பட்டா நம்ம வேலை நடக்காது" என்றார், வாஞ்சையாக அவள் வயிற்றைப் பார்த்தபடி. சற்று நேரத்தில் அவளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது.

ஆய்வுக்கூடத்து மருத்துவ அறையில் அவள் கண் விழித்தபோது, கணவன் தலைமாட்டில் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான். பெண் குழந்தையாம். பெரியவர்தான் முதலில் கையில் வாங்கினாராம். அடையாளத்துக்கு ஏதோ கட்டிவிட்டும் போயிருக்கிறாராம்.

நர்ஸ் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். ஆசையாகத் துணியை விலக்கினாள். பிஞ்சு மணிக்கட்டில் சிவப்பு நூல். நூலில் ஓர் அட்டை. பெரியவரின் கையெழுத்தில் 17 × 41. கீழே இன்றைய தேதி.

"பசிக்குது போல, பால் கொடுங்கம்மா" என்றாள் நர்ஸ். "பத்து நாள் வரைக்கும் கொடுக்கலாம்னு பெரியவர் சொல்லிட்டுப் போனாரு."