இடையில் நிற்கும் காற்று

"காது தெரியுது, இழுத்து மூடும்," என்றாள் லக்சிகா. ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஜெனோசன் கோட்டை இறுக்கினான்.

"இறுக்காதையும்! துணிகளுக்கு இடையில நிக்கிற காத்துத்தான் உம்மைக் காக்கும்."

"வெறும் காத்தை நம்பியோ என்னைப் போகச் சொல்லுறீர்?"

"ஓம். பயத்தில வேர்க்காதையும், உடுப்பு நனைஞ்சா மோசம்."

"கலியாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு கவனமாப் பாக்கேல்லை நீர்!"

தீயணைப்புப் பயிற்சி அதிகாரியான லக்சிகா பயிற்சிக் கட்டடத்தின் இரும்புக் கதவைத் திறந்தாள். உள்ளே வைக்கோல் எரிந்து, தீ கூரை முழுவதும் பரவியிருந்தது. தீயணைப்புப் படையில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள் கணவன் ஜெனோசன் அவள் பின்னால் தவழ்ந்து போனான்.

நெருப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது, அவன் கோட்டில் விழுந்த பனி ஆவியாகிப் பறந்தது. கையுறையைக் கழற்றி, தனக்குச் சுடவில்லை என்பதை நம்பமுடியாமல் அவள் கையைப் பிடித்தான்.

"என்ர கை சுடுதோ?"

"இல்லையப்பா. உம்மட உடம்புச் சூடுதான்."